கோளாறு நாற்காலியில் இருக்குதுங்க

கொங்கு நாட்டில் கம்ப்யூட்டர் சர்வீசுக்குப் போகிறவனுக்கு ஸ்க்ரூ டிரைவரைவிட வாய்தான் முக்கியம். தப்பு யார் மேல் என்று தெரிந்த பிறகும் அதைச் சொல்லாமல் வெளியே வரத் தெரிய வேண்டும். திருப்பூரில் ஏதாவது ஒரு பனியன் கம்பெனி ஆபீசுக்குள் போய்ப் பாருங்கள். கணக்குப் பார்க்கிற தம்பி அனேகமாக முதலாளியம்மாவுக்குத் தம்பி முறையாக இருப்பார். ஸ்டோர் என்ட்ரி போடுகிற பெண், முதலாளியின் பெரியப்பா வழியில் பேத்தியாக இருக்கும். "உங்க தம்பி பிரிண்டரை பாஸ்ல போட்டு நிறுத்தி வெச்சுட்டு, பில் வரலைன்னு நூறு தடவை பிரிண்ட் குடுத்திருக்கார்" என்று உள்ளதை உள்ளபடி சொன்னால், அது பிரிண்டரைப் பற்றிய பேச்சாக இருக்காது. ஒறம்பரையைப் பற்றிய, சொந்தபந்தத்தைப் பற்றிய பேச்சாகிவிடும்.

அதனால் எங்கள் பக்கத்தில் எல்லா சர்வீஸ்காரருக்கும் ஒரு வாக்கியம் பாடம். "ஒண்ணுமில்லீங்க, செட்டிங்ஸ் மாறியிருந்துச்சுங்க, சரி பண்ணீட்டனுங்க."

"யாரு மாத்துனாங்க?"

"அது தானா மாறிக்கும்ங்க."

தானாக மாறிக்கொள்கிற செட்டிங்ஸ் மட்டும் இல்லையென்றால் இந்த ஊரில் பல மச்சான்களுக்கு வேலை போயிருக்கும்.

ஆனால் எங்கள் சர்வீஸ் கடைக்கு, அங்கே உட்கார்ந்திருக்கிற எனக்கு, உண்மையைச் சொல்லியாக வேண்டுமே. பையன் வாடிக்கையாளர் ஆபீசில் நின்றுகொண்டு போனில் பேசுகிறான். எதிரிலேயே முதலாளி. பக்கத்தில் அந்தத் தம்பி. என்ன கோளாறு, சர்வீஸ் சார்ஜ் போடலாமா வேண்டாமா என்று நான் கேட்டாக வேண்டும், அவனும் சொல்லியாக வேண்டும். சங்கேத மொழி இப்படித்தான் பிறக்கிறது. உலகம் முழுக்க இதே காரணத்துக்குத்தான் பிறந்திருக்கிறது.

இதில் ஊருக்கெல்லாம் தெரிந்தது பெப்காக். கீபோர்டுக்கும் நாற்காலிக்கும் நடுவில் பிரச்சினை இருக்கிறது என்ற ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகளைக் கோத்து எடுத்தது. அதன் தம்பி பிக்னிக்: பிரச்சினை நாற்காலியில், கம்ப்யூட்டரில் இல்லை. இன்னொன்று ஐடி-டென்-டி எரர். காதில் விழும்போது ஏதோ பெரிய தொழில்நுட்பக் கோளாறுபோல இருக்கும். ஆங்கிலத்தில் ஐ, டி, அப்புறம் ஒன்று, சைபர், கடைசியில் டி என்று காகிதத்தில் எழுதிப் பார்த்தால் முட்டாள் என்று வரும். இதை எழுதிக் காட்டவே கூடாது, வாயால் மட்டும்தான் சொல்ல வேண்டும். எங்கள் பையன் ஒருவன் சர்வீஸ் சிலிப்பில், காரணம் என்ற கட்டத்தில், பிக்னிக் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். கையெழுத்துப் போட வந்த முதலாளி, "என்ன தம்பி, கடையில எல்லாரும் டூர் போறீங்களா? வால்பாறையா?" என்று கேட்டாராம். ஆமாங்க என்று சொல்லித் தப்பித்து வந்தான். அடுத்த மாதம் "டூர் எப்படி இருந்துச்சு?" என்று என்னிடம் விசாரித்தார்.

டென்மார்க்கில் 'பிழை 40' என்பார்கள். திரையிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி எது உட்கார்ந்திருக்கிறதோ அதில்தான் கோளாறு என்று அர்த்தம். பிரெஞ்சுக்காரர்களுக்கு அது 'நாற்காலி-கீபோர்டு இணைப்பு'க் கோளாறு. கேட்பதற்கு ஏதோ கேபிள் பெயர்போல இருக்கும். சுவீடன்காரர்கள் இன்னும் பச்சை. நெம்புகோல்களுக்குப் பின்னால் மலம் என்பார்கள், அதை மூன்று எழுத்தாகச் சுருக்கி மரியாதையாக்கிக்கொண்டார்கள். அமெரிக்க ராணுவத்தில் கனரக இயந்திரத் துப்பாக்கியில் ஹெட்ஸ்பேஸ் என்று ஓர் இடைவெளியைச் சரிபார்த்துத்தான் சுட வேண்டும். கோளாறு துப்பாக்கியில் இல்லை, பிடித்திருப்பவனிடம்தான் என்றால் ஆபரேட்டர் ஹெட்ஸ்பேஸ் என்று எழுதுவார்களாம். அதாவது தலைக்குள் காலியிடம். கார் மெக்கானிக்குகளுக்கு ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கிற நட்டு லூஸ். நாமக்கல், சங்ககிரி லாரிப் பட்டறைகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நட்டு கழண்ட டிரைவர் அங்கே எப்போதும் உண்டு.

இந்த வகையில் எனக்குப் பிடித்த கதை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் நடந்தது, 1975 வாக்கில். அங்கே ஐடிஎஸ் என்றொரு பெரிய கம்ப்யூட்டர் அமைப்பு. டெர்மினலில் உட்கார்ந்து ஒரு கட்டளையைத் தட்டினால், இப்போது இத்தனை 'யூசர்' உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும். எவனோ குறும்புக்காரன் அதை இத்தனை 'லூசர்' என்று மாற்றி வைத்தான். லூசர் என்றால் தோற்றுப்போன பயல். இன்னொருவன் திருத்தினான். முதல் ஆள் மறுபடி மாற்றினான். ஒருவருக்கொருவர் தெரியாமல் கொஞ்ச நாள் இந்தச் சண்டை ஓடியது. கடைசியில் யாரோ பஞ்சாயத்துப் பண்ணி இரண்டையும் கலந்து எழுதினார்கள். எழுத்தில் யூசர்போலத் தெரியும், வாயால் படித்தால் லூசர். இரண்டு கட்சிக்கும் அது சம்மதம். கட்டத்துக்குள் எண்ணாக இருந்த அந்த மனுசர்களிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

அந்த எண்ணுக்குள் யார் இருக்கிறார்கள் என்பதை நான் தினமும் பார்க்கிறேன். மங்கலம் ரோட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் பில்லிங் அக்கா ஒருவர். எங்கள் பையன்களின் நோட்டில் அவருக்குத்தான் அதிக ஐடி-டென்-டி. மவுசின் வலது பட்டன் எதற்கு என்று இன்றுவரை அவர் கவலைப்பட்டதில்லை. ஆனால் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணைப் பார்த்தவுடன், முதல் இரண்டு இலக்கத்தை வைத்துக்கொண்டே சரக்கு எங்கே போகிறது என்று சொல்லிவிடுவார். 33 நம்மூர், 32 கேரளா, 29 கர்நாடகா, 27 மகாராஷ்டிரா, 24 குஜராத். டி-ஷர்ட்டுக்கு 6109 என்ற சரக்குக் குறியீட்டு எண்ணை எதையும் பார்க்காமல் அடிப்பார். யாரோ வியாபாரி வாட்ஸ்அப்பில் அனுப்பிய எண்ணில் ஓர் இலக்கம் குறைந்தால், எண்ணிக்கூடப் பார்க்க மாட்டார், "இது குட்டையா இருக்குது" என்பார். எங்கள் பையனை அந்த நாற்காலியில் அரை நாள் உட்கார வைத்தால், சரக்கு ஏற்றிய வண்டி வெளியே நின்றுகொண்டேதான் இருக்கும்.

சரி, எங்கள் கடைக்கென்று சொந்தச் சரக்கும் உண்டு. எல்லாம் கேஸ் என்று முடியும், டாக்டர் கடைபோல.

ஏப்ரல் கேஸ். ஏப்ரல் 1 காலையில் கடை திறக்கும் முன்பே போன் அடிக்கும். "கணக்கு பூராவும் காணோம்ங்க." பத்து வருசத்துக் கணக்கு ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போக வழியே இல்லை. கணக்கு மென்பொருளில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை காட்ட வேண்டும் என்று ஓர் எல்லை இருக்கும். புது நிதியாண்டு பிறந்ததென்று அதை யாரோ மாற்றியிருப்பார்கள். பழையது உள்ளேயே பத்திரமாக இருக்கும், கண்ணில் படாது, அவ்வளவுதான். "ஆல்ட்டை அமுக்கிப் புடிச்சுட்டு எஃப்2-வைத் தட்டுங்க, பழைய வருசத் தேதியக் குடுங்க" என்று போனிலேயே முடியும். இதற்குக் காசு வாங்குவதில்லை. ஆனால் "வந்துருச்சுங்க, வந்துருச்சுங்க!" என்று அந்தப் பக்கம் கேட்கிற குரல் இருக்கிறதே, அதற்குக் காசே கொடுக்கலாம்.

பெரிய எழுத்துக் கேஸ் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கேப்ஸ் லாக் விழுந்திருக்கும், பாஸ்வேர்டு ஏறாது. பாஸ்வேர்டு பெட்டியில் எழுத்து எல்லாம் புள்ளியாகத்தான் தெரியும் என்பதால், என்ன அடிக்கிறோம் என்று அடிக்கிறவருக்கே தெரியாது.

எல்லாவற்றிலும் பெரியது பொட்டு கேஸ். ஆயுத பூசைக்கு அடுத்து ஆபீஸ் திறக்கிற நாளை எங்கள் தொழிலின் தேர்த் திருவிழா என்றே சொல்வேன். பூசைக்கு முந்தின நாள் மேசையிலிருந்து எல்லாவற்றையும் பிடுங்கி, ஈரத் துணியால் துடைத்து, பொழுதோட மறுபடி செருகுவார்கள். செருகும்போது நெட்வொர்க் கேபிள் பின்னாலேயே தொங்கிப்போகும். மானிட்டர் ஒயரில் ஒரு பக்கத் திருகு மட்டும் மாட்டியிருக்கும். அப்புறம் சந்தனம். சிபியுவுக்கு முகம் எது? முன்பக்கம். நெற்றி எங்கே? நடுவில் மேலே. அங்கே என்ன இருக்கும்? பவர் பட்டன். அவிநாசிப் பக்கம் ஒரு கம்பெனியில் பட்டனைச் சுற்றியுள்ள இடுக்கு முழுக்கச் சந்தனம் இறங்கிக் காய்ந்துபோய், அமுக்கிய பட்டன் அமுங்கியபடியே நின்றுவிட்டது. பவர் பட்டனை நாலைந்து விநாடி அமுக்கியே வைத்திருந்தால் கம்ப்யூட்டர் அணைந்துபோகும், அது அதன் ஏற்பாடு. ஆக, கம்ப்யூட்டர் எழும், நாலு விநாடியில் படுக்கும். எழும், படுக்கும். ஆபரேட்டர் தம்பி பயந்துபோய் எலுமிச்சம்பழம் ஒன்று வாங்கி வரச் சொல்லியிருந்தார். நான் போனபோது பழமும் மேசையில் இருந்தது. பல்குத்தும் குச்சியால் சுரண்டி, கொஞ்சம் பஞ்சால் துடைத்தேன். சந்தனம் நல்ல சந்தனம். கை மணத்தது.

லேப்டாப்பில் பொட்டு எப்போதும் கேமராவின் மேல்தான் விழும். வீடியோ காலில், சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையருக்கு, ஆர்டர் பார்க்கிற நம் மெர்ச்சன்டைசர் மஞ்சள் மூட்டமாகத் தெரிவார்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன், ஆனால் இந்தச் சொற்களின் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பட்டனை நெற்றியில் வைத்தது யார்? கேப்ஸ் லாக்கை 'ஏ' எழுத்துக்கு ஒட்டினாற்போல வைத்தது யார்? கணக்கு மறைந்திருக்கிறது என்று ஒரு வரி காட்டாமல், ஒன்றுமே இல்லாத வெள்ளைத் திரையைக் காட்டியது யார்? அவர்களில் ஒருவரும் நாற்காலியில் இல்லை. நாற்காலியில் இருப்பவரை நமக்குத் தெரியும், அவர் திருப்பித் திட்ட மாட்டார். அதனால் எல்லாக் கேலியும் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்கிறது.

கம்ப்யூட்டருக்கு முன்பு இந்த ஊரில் மோட்டார் காயில் கட்டுகிற கடைகளில் இதே பேச்சுதான் நடந்தது. கோயமுத்தூர் பம்ப்செட்டும் மோட்டாரும் செய்கிற ஊர். சுற்றியுள்ள கிராமத்துக் கிணறெல்லாம் அதில்தான் ஓடும். மும்முனைக் கரண்டின் மூன்று பேஸில் ஒன்று போய்விட்டால் மீதி இரண்டில் மோட்டார் கூடுதல் கரண்ட் இழுத்து, சூடேறி, காயில் கருகும். கிணற்றில் தண்ணீர் இறங்கிப்போய் மோட்டார் வெறுமனே ஓடினாலும் கெடுதல்தான். எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போனால் கடைக்காரர் மோந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, பாத்து ஓட்டறதில்லீங்களா?" என்பார். அப்போதெல்லாம் மும்முனைக் கரண்ட் வந்தது நடுச்சாமத்தில். தோட்டத்துக்காரர் கிணற்று மேட்டில் உட்கார்ந்து மூன்று பேஸும் இருக்கிறதா என்று விடிய விடிய எண்ணிக்கொண்டா இருப்பார்? அதைப் புரிந்துகொண்ட யாரோதான், ஒரு பேஸ் போனால் தானாகவே நிறுத்துகிற சாதனத்தை ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் வைத்தார்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்துவதும் வந்தது. தோட்டத்துக்காரர் அதே ஆள்தான். மோட்டார் எரிவது குறைந்தது.

இப்போது சொல்லப்போவது நாற்காலியைப் பற்றி. நிஜ நாற்காலி.

பெருமாநல்லூர்ப் பக்கம் ஓர் எக்ஸ்போர்ட் ஆபீஸ். அங்கே டாக்குமென்டேஷன் பார்க்கிற ஓர் அம்மிணி போன் செய்து, "நான் எந்திரிச்சா ஸ்கிரீன் போயிருதுங்க. உக்காந்தாலும் சில சமயம் போகுதுங்க" என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தோம். கடையே சிரித்தது. ஒரு பையன் "இது ஒரிஜினல் பிக்னிக்ங்கண்ணா" என்றான். இன்னொருத்தன் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஒயரெல்லாம் ஆட்டிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை, நான் பார்க்கும்போது திரை போகவே இல்லை என்றான். போகிற போக்கில் முதலாளியிடம், "சேர் மாத்தோணும்ங்க" என்றும் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அவன் மனசில், ஆளை மாற்ற வேண்டும் என்று அர்த்தம். அவனுக்கு ஒரே பெருமை.

முதலாளி மனுசர் சொன்னால் சொன்னபடி செய்கிறவர். அந்தப் பெண்ணின் புதுச் சுழல் நாற்காலியைத் தான் எடுத்துக்கொண்டு, பழைய ஸ்டீல் மடக்கு நாற்காலியை அங்கே போட்டார். அதோடு திரை போவது நின்றுவிட்டது. "தம்பி சொன்னது சரியாப் போச்சுங்க, கெட்டிக்காரப் பையன்" என்று எனக்குப் போன் செய்து பாராட்டினார். பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

நான் நேரில் போனேன். முதலாளி அறையில் அந்தச் சுழல் நாற்காலி. பக்கத்து நெம்புகோலை இழுத்தால் ஏறி இறங்குகிற, அடியில் வாயு அடைத்த கேஸ் சிலிண்டர் வகை. தரையில் செயற்கை நூல் விரிப்பு. பங்குனி மாசத்துக் காய்ந்த காற்று. நாற்காலியை மறுபடி அந்தப் பெண்ணின் மேசைக்கே உருட்டிவந்து, எழுந்து எழுந்து உட்காரச் சொன்னேன். பாவம், எல்லோரும் பார்க்கிறார்கள் என்று அதற்குச் சங்கடம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு தடவை சடாரென்று எழுந்தபோது திரை கறுத்து, இரண்டு விநாடி கழித்து வந்தது. "பாத்தீங்களா, பாத்தீங்களா! நான் சொன்னனில்லீங்க!" என்று அந்தப் பெண் கையைக் கொட்டியது.

இது மாயமில்லை. கேஸ் சிலிண்டர் நாற்காலியிலிருந்து எழும்போதும் உட்காரும்போதும் நிலைமின்சாரம் சேர்ந்து சட்டென்று பாயும். அப்போது ஒரு நொடிப்பொழுது மின்காந்த அதிர்வு எழும். மானிட்டர் கேபிளின் உறை மட்டமாக இருந்தால் அது அந்த அதிர்வை வாங்கிக்கொள்ளும். திரைக்கு வருகிற சிக்னல் ஒரு கணம் தடம் புரளும், திரை கறுக்கும். லேப்டாப்பிலிருந்து வெளி மானிட்டருக்குப் படம் அனுப்புகிற சிப் செய்யும் டிஸ்ப்ளேலிங்க் நிறுவனம் தன் உதவிக் குறிப்பிலேயே இதை எழுதி வைத்திருக்கிறது: கேஸ் சிலிண்டர் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதாலும் திரை போகலாம் என்று. நல்ல உறையுள்ள குட்டையான கேபிள் ஒன்றை மாட்டினேன். பழைய கேபிள், நாற்காலிக்குப் பக்கத்திலேயே சுருட்டிப் போடப்பட்டுக் கிடந்தது.

ஆக, பிரச்சினை நாற்காலியில்தான் இருந்தது. பிக்னிக் என்ற சொல்லைக் கண்டுபிடித்தவர் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. அந்தப் பெண்ணுக்குச் சுழல் நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தாரா என்று கேட்காதீர்கள். முதலாளிக்கு அது வாகாக இருந்துவிட்டது.

பையன்கள் அதன்பிறகு நாற்காலி என்ற பேச்சையே விட்டுவிட்டு லேயர் கணக்குக்கு மாறிவிட்டார்கள். நெட்வொர்க் படித்தவர்களுக்குத் தெரியும், கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசுவதை அடுக்கடுக்காகப் பிரித்து, 1984-இல் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பு வெளியிட்ட ஓஎஸ்ஐ மாதிரியில் ஏழு லேயர், அதாவது ஏழு அடுக்கு. அடியில் ஒயர், உச்சியில் நாம் பார்க்கிற அப்ளிகேஷன். ஏழுக்கு மேல் எட்டாவதாக உட்கார்ந்திருக்கிற மனுசன். "எட்டாவது லேயர்ங்கண்ணா" என்றால் ஆபரேட்டர் கோளாறு. பெப்காக்கைவிட இது கொஞ்சம் நாகரிகம். குறைந்தபட்சம் ஆளையும் கணக்கில் ஓர் அடுக்காகச் சேர்த்திருக்கிறார்கள். எட்டோடு நிற்காமல் ஒன்பதாவதும் பத்தாவதும் சேர்த்துக்கொண்டவர்கள் உண்டு. ஒன்பதில் கம்பெனியும் காசும். பத்தில் அரசாங்கம். பத்தாவதைப் பற்றி இப்போது பேசி என்ன ஆகப்போகிறது.

ஒன்பதாவது லேயர்தான் கொங்கு நாட்டுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது. இங்கே கோடிக்கணக்கில் நூல் வாங்குகிற மனுசர், யுபிஎஸ் பேட்டரிக்கு ஆயிரக்கணக்கில் கேட்டால் நாற்காலியை விட்டே எழுந்துவிடுவார். காசில்லாமல் இல்லை. ஓடுகிற பொருளுக்குச் செலவு எதற்கு என்பது அவர் நியாயம். ஒரு நிட்டிங் கம்பெனியில் வாரத்துக்கு ஒரு தடவை டேட்டா கெட்டுப்போகும். என்ட்ரி பாதியில் இருக்கும்போது கரண்ட் போய்விடும். யுபிஎஸ் பேட்டரி உப்பிப்போய்ப் பெட்டியே விரிசல் விட்டிருந்தது. பையன்களின் நோட்டில் அத்தனை தடவையும் லேயர் எட்டு என்றே எழுதியிருந்தார்கள். ஆபரேட்டர் சேவ் பண்ணாமல் விட்டாராம்.

"பேட்டரி மாத்தோணும்ங்க" என்றேன்.

"அதெல்லாம் வேண்டாமுங்க. கரண்ட் போறதுக்கு முன்னாடி சேவ் பண்ணச் சொல்லுங்க அவன."

கரண்ட் எப்போது போகும் என்று அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். கேட்டால் வருசக் கான்ட்ராக்ட் போய்விடும். சர்வீஸ் சிலிப்பை எடுத்தேன். காரணம் என்ற கட்டத்தில் 'லேயர் 9' என்று கொட்டை எழுத்தில் எழுதி, கையெழுத்துக்கு நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"இதென்னங்க, லேயர் ஒம்போது?"

"ஆபரேட்டர் லெவலுக்கு மேலங்க. மேல் மட்டத்துல முடிவெடுக்கோணும்."

"அப்ப நாந்தான் பாக்கோணுமா?"

"ஆமாங்க. உங்களத் தவிர வேற யாராலயும் முடியாதுங்க."

கொஞ்ச நேரம் சிலிப்பையே பார்த்தார். "அதான, எல்லாம் கடைசீல நம்மகிட்டதான் வருது" என்று கணக்குத் தம்பியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பேட்டரி இரண்டாக வாங்கிக்கொள்ளச் சொன்னார், ஆனால் ஒன்றின் விலைக்கு எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டு.